ஆறிழைத் தையலும் அறுந்த நாடாவும்

கேள்வி கேட்டவன் பூமிநாதன். பதில் சொல்ல வேண்டியவர் டாக்டர் வடிவாம்பாள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு பெண்ணின் இரண்டு விரல்கள் மாட்டிக்கொண்டன. கதை அவ்வளவுதான்.

தெற்கே கடலோரத்தில் ஓர் ஊர். அங்கே ஒரு அரசு மருத்துவமனை. அதில் கைகளுக்கென்றே ஒரு அறுவைப் பிரிவு. அதன் தலைவர் வடிவாம்பாள். அவரிடம் மேற்படிப்பு படித்த மாணவன் பூமிநாதன். மாணவன் என்றதும் மீசை முளைக்காத பையனை நினைத்துவிட வேண்டாம். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வருடக்கணக்காகப் பாம்புக்கடிக்கும் பேதிக்கும் ஊசி போட்டுவிட்டு, முன்தலையில் முடி விலகத் தொடங்கிய பிறகு படிக்க வந்தவன். அதனால் அவனுக்கு எதிலும் ஓர் அவசரம். விட்டுப்போன வருடங்களை எட்டிப் பிடித்துவிட வேண்டும் என்ற அவசரம்.

அவன் எடுத்துக்கொண்ட ஆய்வு தசைநார்த் தையல். விரலை மடக்குகிற தசைநாரை ஊரில் நரம்பு என்றுதான் சொல்வார்கள். நாமும் அப்படியே சொல்லிக்கொள்ளலாம். அறுந்த நரம்பின் இரண்டு முனைகளையும் சேர்க்கும்போது, வெட்டின் குறுக்கே இரண்டு இழை ஓடும்படி தைக்கலாம், நாலு இழை ஓடும்படி தைக்கலாம், மெனக்கெட்டால் ஆறு இழையும் ஓட்டலாம். இதில் எது பலம்? இதைக் கண்டுபிடிக்கத்தான் பூமிநாதன் ஆட்டுக்கால்களோடு அலைந்தான்.

கறிக்கடையில் சொல்லிவைத்து நரம்பு வாங்குவான். அறுப்பான், தைப்பான், ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ஸில் ஏறிப் பொறியியல் கல்லூரிக்குப் போவான். கம்பியையும் கயிற்றையும் இழுத்துச் சோதிக்கிற இயந்திரம் ஒன்று அங்கே இருந்தது. அதன் இரண்டு தாடைகளிலும் நரம்பைக் கவ்வக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். இயந்திரம் மெல்ல இழுக்கும். கடைசியில் 'டப்' என்று ஒரு சத்தம். இரண்டிழை சீக்கிரமே 'டப்'. நாலிழை கொஞ்சம் தாங்கி 'டப்'. ஆறிழை மட்டும், கூட நின்ற லேப் உதவியாளருக்குக் கொட்டாவி வருகிறவரை தாங்கியது. மாதக்கணக்கில் அவன் காதில் விழுந்தது அந்த 'டப்' ஒன்றுதான்.

ஒருநாள் காலை வார்டு ரவுண்டு முடிந்து, துணி மாற்றும் அறை வாசலில் வடிவாம்பாள் மேடம் டீ குடித்துக்கொண்டிருந்தார். பூமிநாதன் பக்கத்தில் போய் நின்றான்.

"மேடம், ஒரு கேள்வி."

"கேளு."

"ஆறிழைதான் பலம்னு தெரிஞ்சிபோச்சு. நம்ம யூனிட்ல ஏன் இன்னும் நாலிழையே போடுதோம்?"

"எதுக்குப் பலம்?"

"இழுத்தா அறாது மேடம்."

"யாரு இழுப்பா?"

"மெஷி..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

மேடம் டம்ளரை வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தார். உள்ளே ஆபரேஷன் தியேட்டரில் போடுகிற பச்சைக் கால்சட்டைகள் அடுக்கியிருந்தன. அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கால்சட்டையின் குணம் தெரியும். சலவைக்குப் போய் வந்தால் பாதிக்கு நாடா இருக்காது. மீதியில் ஒரு முனை உள்ளே போய் ஒளிந்திருக்கும். பெரிய பெரிய நிபுணர்களெல்லாம் இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நாடா தேடுவார்கள்.

நாடா உள்ள ஒன்றை மேடம் எடுத்தார். நாடாவை முழுக்க உருவினார். கத்தரியால் நட்டநடுவே வெட்டினார். இரண்டு துண்டுகளையும் கால்சட்டையோடு சுருட்டி அவன் கையில் கொடுத்தார்.

"தைச்சு, உள்ள ஓட்டிக் கொண்டா."

"இதையா மேடம்?"

"இதைத்தான்."

"எந்தத் தையல்?"

"உனக்குத்தான் தெரியுமே."

பூமிநாதன் விடுதிக்கு எடுத்துப்போனான். ஆறிழைதான் போட்டான். முடிச்சுக்கு மேல் முடிச்சு. இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தான். எருமையைக் கட்டினாலும் அறாது. பிறகு ஒரு முனையில் ஊக்கைக் குத்தி, இடுப்பு மடிப்புக்குள் விட்டுத் தள்ளிக்கொண்டே போனான். ஊக்கு சுற்றி வந்து மறுபக்கம் எட்டிப்பார்த்தது. நாடாவைப் பிடித்து இழுத்தான். பாதி வந்தது. தைத்த இடம் மடிப்பின் வாயில் வந்து, பெட்டிக்கடை வாசலில் கடன்காரனைப் பார்த்தவன் மாதிரி நின்றுவிட்டது. இழுத்தான். துணிதான் சுருங்கியது. நாடா நகரவில்லை, தையலும் அறவில்லை.

"பாத்தியா? அப்பவும் அறல!" என்று அறைத் தோழனிடம் காட்டினான். "நாடா கோக்கிறதுக்கா நான் படிக்க வந்தேன்?" என்று ஒரு முணுமுணுப்பும் முணுமுணுத்தான். அப்படியே சுருட்டி லாக்கருக்குள் எறிந்தான். மேடமும் பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் அவனுக்கு ஒரு ஆதங்கம் உண்டு. கேட்க வேண்டியது அவரில்லை என்பதும் அவனுக்குத் தெரியும்.

அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நரம்பு தைத்த மறுநாள் காலை, தைத்தவர் நோயாளியின் கட்டிலுக்குப் போக வேண்டும். கட்டைத் தளர்த்தி, விரலைத் தன் கையில் வாங்கி, மெல்ல மடக்கி நீட்ட வேண்டும். பிறகு நோயாளியையே கொஞ்சம் மடக்கச் சொல்ல வேண்டும். பிசியோதெரபிஸ்ட் வருவார், அது பிறகு. முதல் மடக்கு தைத்தவர் கையால்தான். விரலுக்குள் நரம்பு ஒரு குழாய்க்குள் ஓடுகிறது. தைத்த நரம்பை ஓடாமல் நிறுத்திவைத்தால் அது குழாயோடு ஒட்டிக்கொள்ளும். புத்தகத்திலும் இருக்கிறது, பூமிநாதன் படித்தும் இருந்தான்.

ஆனால் முதல் தடவை மேடம் ஒரு நோயாளியின் விரலை அப்படி மடக்கியதைப் பார்த்தபோது அவன் கையை நீட்டித் தடுக்கப் போனான். நேற்றுத் தைத்த தையல்!

"விட்டுப்போச்சுன்னா மேடம்?" என்று கேட்டேவிட்டான்.

"அந்தப் பயம் தைச்சவனுக்குத்தான் இருக்கும்" என்றார் மேடம், விரலை விடாமல். "அதான் தைச்சவன் மடக்கணும்."

இது எப்படிப் பதிலாகும் என்று அவனுக்கு அன்றைக்குப் புரியவில்லை.

சித்திரை மாதம் மேடம் விடுப்பில் போனார். பெங்களூரில் மகளுக்குப் பிரசவம். போகும்போது பூமிநாதனிடம் வார்டைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார். நாடாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மேடம் போன மூன்றாம் நாள் அமலோற்பவம் வந்தாள்.

மீன் மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து கொடுக்கிறவள். வயது நாற்பது இருக்கும். வாங்கியவர்கள் கூடையை அவள் முன் வைத்துவிட்டுக் காய்கறிக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் செதில் உரித்து, குடல் எடுத்து, துண்டு போட்டு வைத்திருப்பாள். விரல் நீளச் சாளை மீனைப் பார்க்காமலே ஆய்வாள். வாய் பக்கத்துக் கடைக்காரியோடு வம்பளந்துகொண்டிருக்கும், கை தன்பாட்டுக்குப் போகும். அன்றைக்கு ஒரு பெரிய பாரை. கழுவாத மீன், வழுவழுவென்று இருந்திருக்கிறது. இரண்டு கையாலும் பிடித்து அரிவாள்மனையில் அழுத்தியபோது மீன் சறுக்கி, இடது கை அரிவாள்மேல் ஓடிவிட்டது. நடுவிரலிலும் மோதிரவிரலிலும் நரம்பு போயிருந்தது.

"ரத்தத்தப் பத்தி பயமில்ல டாக்டர்" என்றாள் வந்ததும். "இது மடங்குமா? மடங்கலன்னா மீனு நிக்காது கையில. மீனு நிக்கலன்னா எனக்கு வேற தொழில் தெரியாது."

"மடங்கும் அக்கா. நான் தைக்கேன்" என்றான் பூமிநாதன்.

மேற்பார்வைக்கு இருந்த உதவிப் பேராசிரியர், "ஆய்வே பண்ணுதவரு, நீங்களே தைங்க" என்று சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

பூமிநாதன் தைத்தான். ஆறிழை. ஆட்டு நரம்பில் அத்தனை மாதம் பழகிய கை. ஒரு இழைகூடப் பிசகவில்லை. நீல நிற இழைகள் வரிசை பிடித்து நின்றதைப் பார்த்து நர்ஸ் அக்காவே, "அழகா இருக்கு சார்" என்று சொன்னார். அன்றைக்கு அவன் சாப்பிட்ட சாப்பாடு ருசித்தது.

மறுநாள் காலை கட்டிலுக்குப் போனான். கட்டைத் தளர்த்தினான். விரல்கள் வீங்கி, தைத்த கோடுகள் கறுத்து இருந்தன. நடுவிரலைத் தன் கையில் வாங்கினான்.

அவ்வளவுதான். காதுக்குள் 'டப்' என்றது.

உண்மையில் ஒன்றும் அறுபடவில்லை. விரலை அவன் மடக்கவே இல்லை. ஆனால் இத்தனை மாதம் கேட்ட சத்தம் எங்கே போகும்? தைத்ததெல்லாம் அறுகிற வரைக்கும் பார்த்தவன் அவன். இயந்திரத்தில் அறாத ஒரு தையலை அவன் பார்த்ததே இல்லை. இதோ முதல் தடவையாகத் தன் கையால் ஒரு மனுஷிக்குப் போட்ட ஆறிழை. இதுவும் அறுந்தால்? இத்தனை பேரிடம் பலம் பலம் என்று சொன்னதற்கு என்ன மரியாதை? விரலை மெல்லக் கீழே வைத்தான்.

"வலிக்கா அக்கா?"

"கொஞ்சம் வலிக்கத்தான் செய்யுது. நீங்க செய்யுங்க டாக்டர்."

"வேண்டாம். வீக்கமா இருக்கு. நாளைக்குப் பாப்போம்."

நாளைக்கும் வீக்கம் இருந்தது. அதற்கு அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பிசியோதெரபிஸ்ட் வந்து கேட்டபோது, "அந்தக் கேஸை நான் பாத்துக்கிடுதேன்" என்று அனுப்பிவிட்டான். கடைசியில் அவளை வீட்டுக்கு அனுப்பும்போது கையை நன்றாகக் கட்டி, கட்டின்மேல் தன் உள்ளங்கையை வைத்துச் சொன்னான்:

"மூணு வாரம் அசைக்கவே கூடாது அக்கா. நல்லா பிடிச்சுக்கிடட்டும். அசைச்சா விட்டுரும்."

"சரி டாக்டர்" என்றாள் அமலோற்பவம். அவன் சொன்னதை அவள் அட்சரம் பிசகாமல் கேட்டாள். அதுதான் இந்தக் கதையில் தாங்க முடியாத இடம்.

மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தான். "மடக்குங்க" என்றான். சுட்டுவிரல் மடங்கியது. சுண்டுவிரல் மடங்கியது. நடுவிலிருந்த இரண்டும் நீட்டினபடி நின்றன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முயன்றாள். முன்கைச் சதை துடித்தது, விரல் அசையவில்லை.

"மறந்துபோச்சு போல டாக்டர் அதுக்கு" என்று சிரித்தாள் அவள். "பழகிரும்."

அவனும் அப்படித்தான் நம்ப விரும்பினான். மெழுகு ஒத்தடம் கொடுக்கச் சொன்னான், பயிற்சி கொடுக்கச் சொன்னான். தினமும் வந்து தானே பார்த்தான். விரல் பழகவில்லை.

பேரனைப் பார்த்துவிட்டு மேடம் திரும்பி வந்தார். எல்லோருக்கும் பெங்களூர் பிஸ்கட் கொடுத்தார். மறுநாள் ஓ.பி.யில் அமலோற்பவம் வந்து உட்கார்ந்தாள். மேடம் அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தார். அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பூமிநாதனைப் பார்த்தார்.

"மறுநாள் காலைல எவ்வளவு மடங்குச்சு?"

"மடக்கல மேடம்."

"ஏன்?"

"விட்டுருமோன்னு..."

"எது?"

"தையல்."

"எந்தத் தையல்?"

அவன் தரையைப் பார்த்தான். "ஆறிழை மேடம்."

வெளியே யாரோ சீட்டு நம்பர் கூப்பிட்டார்கள். மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"உன் ஆட்டு நரம்பையெல்லாம் தைச்சு எத்தனை நாள் கழிச்சு இழுத்த?"

"அன்னைக்கே மேடம். கெட்டுப்போகாம ஐஸ்ல வச்சு."

"ம்" என்றார் மேடம். "அடுத்த ஆளைக் கூப்பிடு."

புண் நன்றாக ஆற வேண்டும், வீக்கம் வடிய வேண்டும். அதற்குப் பிறகுதான் திறந்து ஒட்டலை விடுவிக்க முடியும். மாதங்கள் போயின. அமலோற்பவம் மார்க்கெட்டில் தங்கச்சியை உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பூமிநாதன் அந்த மாதங்களில் இளைத்துப்போனான். ஆட்டு நரம்புக் கணக்கெல்லாம் சுத்தமாக முடிந்திருந்தது. ஆறிழைதான் பலம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதை நினைத்தாலே அவனுக்குக் கசந்தது.

இரண்டாவது அறுவை அன்று அவளுக்கு மயக்க மருந்து கொடுக்கவில்லை. கையை மட்டும் மரத்துப்போகச் செய்து, விழித்திருக்கும்போதே மேடம் திறந்தார். அவள் மடக்கிக் காட்டினால்தான் எவ்வளவு விடுபட்டது என்று தெரியும். தலைமாட்டில் பச்சைத் துணி திரை கட்டியிருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் அவள் முகம், இந்தப் பக்கம் அவள் கை. எதிரே பூமிநாதன், வெட்டிய தோலை விலக்கிப் பிடிக்கிற கொக்கியோடு நின்றான்.

உள்ளே பார்த்தான். அடிப்பிடித்த சோறு மாதிரி நரம்பு குழாயோடு ஒட்டிக் கிடந்தது. எது நரம்பு, எது குழாய் என்றே தெரியவில்லை. மேடம் கத்தி முனையால் மயிரிழை மயிரிழையாக விடுவித்துக்கொண்டே போனார். தைத்த இடம் வந்தது. ஆறு நீல இழைகளும் அன்றைக்கு அவன் போட்டபடியே வரிசையாக இருந்தன. ஒன்றுகூடத் தளரவில்லை.

"மேடம்..." என்றான் அவன், தன்னை அறியாமல். "ஒரு இழைகூட..."

"ஆமா" என்றார் மேடம். "தையல் அப்படியே இருக்கு."

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "தையல் நல்லாருக்கா மேடம்?"

"நல்லாருக்கும்மா."

"அப்ப வெரல் ஏன் மடங்கல?"

மேடம் கத்தியை நிறுத்தினார். பூமிநாதனை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் காத்திருந்தார். முகமூடிக்குமேல் அந்தக் கண்களில் கோபம் இல்லை. நர்ஸும் அவனைப் பார்த்தார்.

அவன் திரையைப் பார்த்துச் சொன்னான்.

"மறுநாளே நான் மடக்கி விட்டிருக்கணும் அக்கா. மடக்கல. அசைக்கக் கூடாதுன்னு சொன்னேன். அதான் ஒட்டிக்கிடுச்சு. என் தப்பு."

அவள் மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க சொன்னதத்தான கேட்டேன் டாக்டர். ஒரு நாளு அசைக்கலியே. ஒறக்கத்துல அசைஞ்சிருமோன்னு முந்தானையக் கிழிச்சு, கட்டில் கம்பியோட கையக் கட்டிப் போட்டுட்டுல்லா ஒறங்குனேன். மூணு வாரமும்."

குறை சொல்லுகிற குரலாக இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். தான் எதையாவது செய்யாமல் விட்டுவிட்டோமோ என்று கேட்கிற குரலாக இருந்தது. கொக்கியைப் பிடித்திருந்த அவன் கையை மேடம் தன் விரல் நுனியால் தொட்டு, இருக்க வேண்டிய இடத்துக்குத் திருப்பினார்.

"இப்ப மடக்கும்மா" என்றார்.

விரல் அசைந்தது. இன்னும் கொஞ்சம் விடுவித்தார். இன்னும் கொஞ்சம் அசைந்தது. பாதி தூரம் வந்தது, அதையும் தாண்டியது, உள்ளங்கைக்குச் சற்று மேலே வந்து நின்றுவிட்டது. மேடம் எங்கெங்கோ தேடி, விடுவிக்க வேண்டியதையெல்லாம் விடுவித்தார். அதற்குமேல் வரவில்லை.

மறுநாள் காலை பூமிநாதன் யாரும் சொல்லாமலே கட்டிலுக்குப் போனான். விரலைத் தன் கையில் வாங்கினான். அவள் வலியில் உதட்டைக் கடித்தாள், அவன் கண்ணில் நீர் கட்டியது, ஆனாலும் மடக்கினான். அன்றும் அதற்குப் பிறகும் ஒருநாள்கூட விடவில்லை. மேடம் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். விரல்கள் பிழைத்தன. ஆனால் உள்ளங்கையைத் தொடவில்லை. இனித் தொடாது என்று இருவருக்குமே தெரிந்த பிறகும் அவன் வந்துகொண்டிருந்தான். அமலோற்பவம்தான் ஒருநாள், "போதும் டாக்டர், உங்க சோலியப் பாருங்க" என்று சொல்லிவிட்டாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூமிநாதன் மீன் மார்க்கெட்டுக்குப் போனான். மீன் வாங்கத்தான் போனதாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

அவள் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இடது கையில் சாக்குத் துணி சுற்றியிருந்தாள். முன்னால் யாரோ வைத்துவிட்டுப் போன சாளைக் கூடை. ஒரு மீனை எடுத்தாள். பிடித்தாள். இரண்டு விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இருந்த சந்து வழியாக மீன் வழுக்கித் தரையில் விழுந்தது. எடுத்துத் துணியால் துடைத்தாள். மறுபடி பிடித்தாள். மறுபடியும் விழுந்தது. கூடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கூடையைத் தூக்கிப் பக்கத்துப் பெண்ணிடம் வைத்தார். பக்கத்துப் பெண் அமலோற்பவத்தின் முகத்தைப் பார்க்காமல் ஆயத் தொடங்கினாள்.

திரும்பிப் போய்விடலாம் என்று அவன் நினைத்தபோது அவள் பார்த்துவிட்டாள்.

"டாக்டர்! வாங்க வாங்க. ஏ, நகருங்க, நம்ம டாக்டர் வந்திருக்காரு. எனக்குக் கை தைச்சவரு."

அவனுக்குக் காலடியில் தரை விரிசல் விட்டு உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை போலிருந்தது.

"எப்படி இருக்கு அக்கா?"

"இருக்கு. பாரைன்னா புடிச்சிருது. பெரிய மீனுல்லா, கையில நிக்கி. சாளைதான் நழுவிட்டுப் போயிருது." அவள் சிரித்தாள். "கடலு எனக்குன்னு பாத்துப் பெரிய மீனாவா அனுப்பும்? குடுங்க உங்க பையை. என்ன மீனு வாங்கியிருக்கீங்க?"

அவன் பையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். சாளைதான் வாங்கியிருந்தான்.

"வீட்ல ஆஞ்சிக்கிடுவாங்க அக்கா" என்று சொன்னான். விடுதியில் இருக்கிற அவனுக்கு ஏது வீடு? வாசலுக்கு வந்ததும் பையைக் கூட்டுகிற அம்மாவிடம் கொடுத்துவிட்டு நடந்தான். அழுதுகொண்டேதான் நடந்தான். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் கூட்டத்தில் யார் கவனிக்கப்போகிறார்கள்?

அறைக்கு வந்து லாக்கரைத் திறந்தான். அடியில் பச்சைக் கால்சட்டை கிடந்தது. மடிப்பின் வாயில் அந்த முடிச்சு இன்னும் மாட்டிக்கொண்டிருந்தது. கத்தரித்து எடுத்தான். இரண்டு துண்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

முனைகளைச் சமன் செய்தான். ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் நேருக்கு நேர் வைத்தான். நாலு இழைதான் ஓட்டினான். முடிச்சை வெளியே புடைக்கவிடாமல் இரண்டு முனைகளுக்கும் நடுவில் புதைத்தான். ஒரு முனையை விரல்களுக்கு இடையில் உருட்டிப் பார்த்தான், தட்டுப்பட்டது. பிரித்தான். மறுபடி தைத்தான். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது அவனுக்குக் கேட்கவில்லை. கடைசியில் ஊக்கைக் குத்தி உள்ளே விட்டான். நாடா போனது. தைத்த இடம் மடிப்பின் வாய்க்கு வந்தது, உள்ளே நுழைந்தது, எங்கே தைத்தோம் என்று அவனுக்கே தெரியாதபடி சுற்றி ஓடி மறுபக்கம் வந்தது. இந்தப் பக்கம் இழுத்தான், வந்தது. அந்தப் பக்கம் இழுத்தான், போனது.

மறுநாள் காலை துணி மாற்றும் அறை வாசலில் மேடம் டீ குடித்துக்கொண்டிருந்தார். பூமிநாதன் கால்சட்டையை நீட்டினான்.

மேடம் அது என்னவென்று கேட்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு வாங்கினார். இரண்டு முனைகளையும் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு தைத்த இடத்தை விரலால் தேடினார். கிடைக்கவில்லை போலிருக்கிறது. புருவம் லேசாக உயர்ந்தது.

"நல்லா ஓடுது" என்றார்.

இத்தனை வருடத்தில் அவரிடமிருந்து அவன் வாங்கிய முதல் 'நல்லா' அதுதான். அதை வாங்கிக்கொள்ள அவனுக்குக் கை வரவில்லை.

"நேத்து மார்க்கெட் போயிருந்தேன் மேடம்."

"ம்."

"சாளை நிக்கமாட்டேங்கு அவங்க கையில."

மேடம் நாடாவின் இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு தளர்முடிச்சுப் போட்டார்.

"இதை நீங்க குடுத்த அன்னைக்கே தைச்சிருக்கணும் மேடம்" என்றான் பூமிநாதன்.

மேடம் கால்சட்டையை மடித்து அலமாரியில் மற்றவற்றின்மேல் வைத்தார். கதவைச் சாத்தினார்.

"இது துணி, பூமி. இன்னைக்குத் தைச்சாலும் ஓடும்."